முகம் கொடுத்தவளுக்கு என்ன கூலி?

கூட்டு முயற்சி என்பது இனிமையான சொல். ஊர் கூடிக் கிணறு வெட்டினால் தண்ணீர் அனைவருக்கும் பொது. மண் சுமந்தவருக்கும் உண்டு. கயிறு பிடித்தவருக்கும் உண்டு. கடப்பாரை போட்டவருக்கும் உண்டு. வேலை முடிந்த பின்னர் ஒருவரை மட்டும் தனியே அழைத்து, "கிணற்றைக் கண்ணாரப் பார்த்துவிட்டாயல்லவா, அதுவே உன் பங்கு, போய் வா" என்று அனுப்பிவிட்டால், அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயரிடலாகுமா? ஆகாது. அதற்கு வேறு பெயர் உண்டு.

அந்த வேறு பெயருக்குரிய செயல் ஒன்று, கூட்டு முயற்சி என்னும் பட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேலை நாட்டுப் பெருநகரங்களில் நெடுநாளாக நடைபெற்று வருகிறது. ஃபேஷன் புகைப்படக் கலையைப் பயில்வதற்காக நடத்தப்படும் பட்டறைகளைத்தான் குறிப்பிடுகிறோம்.

உடையை அணிந்து காமிராவின் முன் நிற்பதைத் தொழிலாகக் கொண்டவரை மாடல் என்பார்கள். ஆண்களும் உண்டு, ஆயினும் பெண்களே மிகுதி. படம் எடுக்கப் பழக வேண்டுமானால் எதிரே ஒருவர் நின்றாக வேண்டும். அப்படி நிற்பவருக்குப் பல பட்டறைகளில் பணமாகக் கூலி கிடையாது. இதுவே நம் வழக்கு. முறைப்படி கூலி பேசி மாடலை அமர்த்தும் பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றை நடத்துவோரோடு நமக்குப் பிணக்கில்லை. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

பட்டறை நடக்கும் விதம்

ஒரு நாள் முழுவதற்கும் ஸ்டூடியோ ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். கற்றுத்தருபவர் ஒருவர், கட்டணம் செலுத்திக் கற்க வருபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சுவரின் உச்சியிலிருந்து தரை வரையில் மடிப்பற்ற வெள்ளைக் காகிதம் தொங்குகிறது. ஒருபுறம் வெள்ளைத் துணி மூடிய பெரிய விளக்கு. மறுபுறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகை. ஒப்பனை செய்பவர் வருகிறார். முடி அலங்காரம் செய்பவர் வருகிறார். தொழிலில் புதிதாக இறங்கிய உடை வடிவமைப்பாளர் தாம் தைத்த உடைகளோடு வருகிறார். ஆசிரியர் ஒளியை மீட்டரால் அளந்து, விளக்கை எங்கே நிறுத்தினால் மூக்கின் நிழல் எங்கே விழும் என்று விளக்குகிறார். பிறகு மாணவர்கள் முறை வைத்துப் படம் எடுக்கத் தொடங்குகின்றனர். விளக்கை இயக்கும் சிறு கருவி ஒருவர் காமிராவிலிருந்து அடுத்தவர் காமிராவுக்குக் கைமாறிக்கொண்டே போகிறது. படம் எடுத்தவர் ஓரமாகச் சென்று அமர்ந்து தேநீர் அருந்துகிறார். மாடலுக்கு மட்டும் மாற்றாள் இல்லை. அவள் அங்கேயே நிற்கிறாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். ஆளுக்கு நூறு படம் என்றால் 1200 படங்கள். இது ஓர் உடைக்கு ஆன கணக்கு. நான்கு உடைகள் என்றால் எட்டு மணி நேரம், 4800 படங்கள். குதிகால் உயர்ந்த காலணியின் மேல் நின்றுகொண்டு, கழுத்தை ஒருபுறமும் இடுப்பை மறுபுறமும் திருப்பி, பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விதமாகச் சொல்வதையெல்லாம் கேட்டு, ஒவ்வொருவருக்கும் அதே புன்னகையைப் புதிதாகத் தர வேண்டும். இதைச் சும்மா நிற்பது என்று சொல்பவர், அரை மணி நேரம் அப்படி நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இந்த ஒரு நாளில் யார் யாருக்குப் பணம் போகிறது? கட்டடத்துக்கு வாடகை போகிறது. விளக்குக்கும் காகிதத்துக்கும் பணம் போகிறது. ஆசிரியருக்கு ஊதியம் போகிறது. தேநீர்க்காரனுக்குக் கூடக் காசு போகிறது. எந்த முகம் இல்லாவிட்டால் அன்றைய தினத்தில் ஒரு படமும் பிறந்திராதோ, அந்த முகத்துக்குரியவளுக்கு மட்டும், "உனக்குப் படம் தருகிறோம்" என்ற வாக்குறுதி போகிறது.

படத்துக்கு நேரம்

இந்த ஏற்பாட்டுக்குப் "படத்துக்கு நேரம்" என்று அத்தொழிலில் ஒரு பெயர் வழங்குகிறது. பிலிம் காலத்தில் தோன்றிய வழக்கம் இது. மாடல் தன் நேரத்தைத் தருவாள், புகைப்படக்காரர் அச்சிட்ட படங்களைத் தருவார், பணம் கைமாறாது. தொழிலுக்குப் புதியவரான இருவர், ஒருவருக்கொருவர் உதவியாகச் செய்துகொண்ட ஏற்பாடு என்ற வரையில் இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அவருக்கும் காட்டிக்கொள்ளப் படம் வேண்டும், அவளுக்கும் வேண்டும். இருவர் கையும் வெறுங்கை. இருவர் பங்கும் சமம்.

பட்டறையில் நிலைமை அதுவன்று. அங்கே ஒருவர் கட்டணம் வசூலிக்கிறார். கட்டணம் வந்துவிட்ட இடத்தில் உதவி முடிந்து வாணிபம் தொடங்கிவிடுகிறது. வாணிபத்துக்குள் நுழைந்த பின்னர், ஒரு தரப்பை மட்டும் நட்புக் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

அதோடு முடிந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். படம் எடுக்கத் தொடங்குமுன் அவள் கையில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. சம்மதப் பத்திரம் என்று பெயர். வழக்கமாக அதில் காணப்படும் வாசகங்களின் பொருள் இது: எடுக்கப்படும் படங்களை உலகின் எப்பகுதியிலும், எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம், விருப்பம்போல் மாற்றலாம், வெளியிடுமுன் பார்த்து ஒப்புதல் சொல்லும் உரிமையை அவள் கைவிடுகிறாள், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற இயலாது. எட்டு மணி நேர வேலைக்கு ஆயுள் காலச் சாசனம்! அதுவும் ஒருவருக்கன்று, பன்னிரண்டு பேருக்கும். ஒரு வீட்டை வாடகைக்கு விடுவதென்றாலும் பதினொரு மாதம் என்று எழுதிக்கொள்கிறவர்கள் நாம். ஒரு மனுஷியின் முகத்தை முடிவில்லாத காலத்துக்கு எழுதி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

மாவு வியாபாரியும் ஒரு சிறுமியும்

இந்தச் சம்மதப் பத்திரம் பிறந்த கதையை அறிந்தால், இன்று அது அடைந்திருக்கும் நிலை எத்துணைப் பெரிய தலைகீழ் மாற்றம் என்பது விளங்கும்.

நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் அபிகேல் ராபர்சன் என்னும் பெண் வாழ்ந்தாள், வயது வராதவள். கோதுமை மாவு விளம்பரம் ஒன்றில் அவளுடைய படம், அவளைக் கேளாமலே அச்சிடப்பட்டது. ஏறத்தாழ 25,000 பிரதிகள் கடைகளிலும் கிடங்குகளிலும் மதுக்கடைகளிலும் ஒட்டப்பட்டன. அறிந்தவர்கள் அடையாளம் கண்டு பேசினர். வெட்கத்தால் அவள் நோயுற்றுப் படுத்தாள். வழக்குத் தொடரப்பட்டது. 1902-ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அவளுக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. தன் முகத்தின் மேல் தனக்கு உரிமை உண்டு என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றனர்.

மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே, 1903-இல், நியூயார்க் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியது. ஒருவருடைய பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வாணிபத்துக்கும் பயன்படுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வயது வராதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். மீறினால் அது குற்றம்; இழப்பீடும் கோரலாம். அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஆல்ட்டன் பார்க்கர் 1904-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். புகைப்படக்காரர்கள் அவரையும் அவர் குடும்பத்தாரையும் ஓயாமல் பின்தொடர்ந்தனர். இது தொல்லை என்று அவர் முறையிட்டார். அப்போது அபிகேல் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாள். எனக்கில்லை என்று நீங்கள் தீர்த்துச் சொன்ன உரிமையை உங்களுக்கு மட்டும் கேட்பது எப்படி என்பதே அதன் சாரம். ஊரார் பிள்ளையின் படம் என்றால் ஒரு நீதி. தம் வீட்டார் படம் என்றால் வேறொரு நீதி!

எழுத்து மூலமான சம்மதம் என்பது ஒரு சிறுமியின் கண்ணீரால் பெறப்பட்ட கேடயம். அதே தாளைத்தான் இன்றைய பட்டறைகளில் மாடலின் உரிமைகளை ஒன்றுவிடாமல் வழித்தெடுக்கும் கரண்டியாகப் பயன்படுத்துகிறார்கள்.

நில் என்றவருக்கே சொத்து

படம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்கச் சட்டத்தில் இக்கேள்விக்கு விடை 1884-இல் கிடைத்தது. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டை நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்னும் புகைப்படக்காரர் 1882-இல் படம் எடுத்தார். ஓர் அச்சுக்கூடத்தார் அதனைக் கேளாமல் அச்சிட்டு 85,000 பிரதிகள் விற்றனர். காமிரா இயந்திரந்தானே, இதில் ஆசிரியர் ஏது என்று அவர்கள் வாதிட்டனர். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. எப்படி அமர வேண்டும், எந்த உடை, எந்தத் திரை, எந்த ஒளி என்றெல்லாம் எண்ணி அமைத்தவர் சரோனி. ஆகவே அவரே அப்படத்தின் ஆசிரியர் என்று தீர்ப்பாயிற்று.

புகைப்படக் கலைக்கு மதிப்புத் தந்த நல்ல தீர்ப்பே அது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "நில்" என்று சொன்னவர் ஆசிரியர்; நின்றவர் யாருமில்லை. பட்டறையிலோ, மாணவர் பலருக்கு எப்படி நிற்கச் சொல்வது என்பதே தெரியாது. அனுபவமுள்ள மாடல்தான் ஒளி வரும் திசையைப் பார்த்துத் தானே முகத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். துணியின் மடிப்பு விழும் இடமறிந்து கையை நகர்த்துகிறாள். கற்றுக்கொடுப்பவளும் அவளே. ஆயினும், அவள் கற்றுக்கொடுத்ததால் பிறந்த படம் கற்றுக்கொண்டவரின் சொத்தாகிறது!

படத்தின் ஆயுள் நீண்டது. கூலியின் ஆயுள் குறுகியது. 1955-இல் பாரிஸ் நகரின் சர்க்கஸ் ஒன்றில், யானைகளுக்கு நடுவே டோவிமா என்ற மாடலை நிறுத்தி ரிச்சர்ட் அவெடான் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. டோவிமா அக்காலத்தில் மணிக்கு 60 டாலர் வாங்கியவர். நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று வியந்து பேசினார்கள். அதே படத்தின் பெரிய பிரதி ஒன்று 2010-இல் பாரிஸில் 8,41,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. டோவிமாவோ முதுமையில் ஃபுளோரிடாவில் ஓர் உணவகத்தில் வருவோரை வரவேற்று அமர்த்தும் வேலை பார்த்து, 1990-இல் மறைந்தார். பேசிய கூலி அவருக்குக் கிடைத்தது. ஏமாற்றப்பட்டார் என்று நாம் சொல்லவில்லை. உயர்ந்த கூலி வாங்கியவரின் கதையே இதுவென்றால், கூலியே இல்லாமல் நிற்பவளின் கதை என்ன என்றுதான் கேட்கிறோம்.

மறுப்புகளும் விடைகளும்

"அவளுக்கும் படங்கள் கிடைக்கின்றன, அவற்றைக் காட்டி அவள் வேலை தேடலாம்" என்பர். காட்டி வேலை தேடுவதற்கான படங்களை எடுக்கும் வேலைக்கே கூலி இல்லையென்றால், அவள் தேடிப் போகும் வேலைக்குக் கூலி எங்கிருந்து வரும்? இலவசமாக நிற்க ஒருத்தி இருக்கும் வரையில், கூலி கேட்கும் அடுத்தவளுக்கு வாசலைக் காட்டுவார்கள். மேலும், எந்தப் படத்தை எப்போது தருவது என்பது எடுத்தவரின் மனம்போல் நடப்பது. பன்னிரண்டு பேரின் பின்னால் அலைந்து படம் கேட்பதும் அவளுக்கு மற்றொரு வேலையாகிவிடுகிறது.

"மாணவர்களிடம் பணமில்லை" என்பர். காமிராவுக்கும் லென்ஸுக்கும் கட்டணத்துக்கும் பணம் உண்டு. எட்டு மணி நேரக் கூலியைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் ஒருவர் தலையில் விழுவது முக்கால் மணி நேரக் கூலியைவிடவும் குறைவு. அதற்கும் இயலாதென்றால் பூச்சாடியைப் படம் எடுத்துப் பழகட்டும். பூச்சாடிக்குக் கால் வலிக்காது.

"அவள் விரும்பித்தானே வந்தாள், கையெழுத்தும் இட்டாளே" என்பர். எடுக்கப்படாத படத்துக்கு, பார்க்கப்படாத படத்துக்கு, எங்கே வெளிவரும் என்று தெரியாத படத்துக்கு முன்கூட்டியே தரும் சம்மதத்தில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு? ஏழை தானே விரும்பிக் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தான் என்று வட்டிக் கடைக்காரர் சொல்லும் வாதத்துக்கும் இதற்கும் உருவம் ஒன்றே.

எது வேண்டும்?

நாம் கேட்பவை நடவாத காரியங்களல்ல. அவற்றிற் பல இன்று சட்டமாகவே வந்துவிட்டன. சாரா ஸிஃப் என்ற மாடல் 2012-இல் தொடங்கிய மாடல் அலையன்ஸ் என்ற அமைப்பு போராடியதன் பயனாக, 2013-இல் நியூயார்க் மாநிலம் பதினெட்டு வயதுக்குட்பட்ட மாடல்களைக் குழந்தைக் கலைஞர்களுக்குரிய தொழிற் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தது. 2018 ஜனவரியில், புகழ்பெற்ற புகைப்படக்காரர் இருவர்மீது ஆண் மாடல்கள் பலர் கூறிய முறையீடுகளை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. வோக் இதழை வெளியிடும் காண்டே நாஸ்ட் நிறுவனம் அதனையொட்டி ஒழுங்கு விதிகளை அறிவித்தது: மாடலுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், படப்பிடிப்பில் மது கூடாது, உடை குறைந்த படங்களுக்கு முன்னதாகவே ஒப்புதல் பெற வேண்டும். நியூயார்க்கின் ஃபேஷன் தொழிலாளர் சட்டம் 2024 டிசம்பரில் கையொப்பமாகி 2025 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்று அது விதிக்கிறது. மாடலின் உருவத்தைக் கணிப்பொறியால் நகல் செய்வதென்றால், எதற்காக, எவ்வளவு காலம், என்ன கூலி என்பவற்றைக் குறித்துத் தனிச் சம்மதம் எழுதி வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தக் கடைசி விதியைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரே முகத்தைப் பல கோணங்களில், பல ஒளிகளில் எடுத்த 4800 படங்கள் முன்பு வெறும் படங்கள். இன்று அவை, அம்முகத்தின் போலியை ஆக்குவதற்கான கச்சாப் பொருள். 2025 மார்ச்சில் எச் அண்ட் எம் நிறுவனம் 30 மாடல்களின் கணிப்பொறி நகல்களை உருவாக்கப் போவதாக அறிவித்தபோது, அவர்களின் சம்மதத்தோடும் ஊதியத்தோடும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பெரிய வாணிபமே அவ்வாறு சொல்லும்போது, பயிலும் பட்டறைக்கு மட்டும் விலக்கு ஏன்?

ஆகவே, மணிக் கணக்கில் கூலி வேண்டும். பத்திரத்தில் பயனும் காலமும் வரையறுக்கப்பட வேண்டும். வெளியிடுமுன் பார்த்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும். உடை மாற்றத் தனியறையும், விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வர அனுமதியும் வேண்டும். துணியைச் சரிசெய்வதற்கும் கேட்காமல் மேலே கை வைக்கலாகாது. இவற்றைச் செய்துவிட்டுக் கூட்டு முயற்சி என்று பெயர்ப்பலகை மாட்டினால் நாமும் வாழ்த்துவோம்.

நமக்கு இதில் என்ன?

"நம் வீட்டுப் பெண்கள் அந்தத் தொழிலுக்குப் போவதில்லை; நமக்கேன் இந்தக் கவலை?" என்று வாசக நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அந்தத் தொழில் தக்கதா, தகாததா என்பது வேறு விவாதம்; அதனை வேறிடத்தில் நடத்தலாம். வேலை வாங்கிய பின் கூலி கொடுக்காதிருக்க அந்த விவாதம் ஒரு சாக்காகக் கூடாது. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்றும், கொடுக்கல் வாங்கலை நியாயமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. உழைத்தவர் நமக்குப் பிடித்த தொழிலில் உழைத்தாரா என்று பார்த்தா அந்த அறம் நமக்குக் கற்பிக்கப்பட்டது?

மேலும், இது நம் வாசலுக்கு வராத செய்தியுமன்று. திருமணத்தில் எடுத்த மணப்பெண்ணின் படம் ஸ்டூடியோவின் கண்ணாடிப் பேழையில் தொங்கக் கண்டவர்கள் நம்மிலே எத்தனை பேர்! இன்று அது கண்ணாடிப் பேழையை விட்டுக் கைப்பேசிகளில் ஊர் சுற்றுகிறது. கேட்டால், "விளம்பரத்துக்காகத்தான், தப்பாக எண்ண வேண்டாம்" என்பார்கள். மாவு வியாபாரியும் விளம்பரத்துக்காகத்தான் ஒட்டினான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், பணம் கொடுத்தவரே. ஆகவே, அடுத்த திருமணத்துக்குப் புகைப்படக்காரரை அமர்த்தும்போது, ஆல்பம் எத்தனை பக்கம் என்று பேசுவதோடு நில்லாமல், எங்கள் அனுமதியின்றி எவ்விடத்திலும் வெளியிடலாகாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் நீட்டும் தாளில் கையெழுத்திடுமுன் முழுவதும் படியுங்கள்.

நம் பெண்ணின் முகத்துக்கு நாம் கேட்கும் அந்த ஒரு வரிதான், நியூயார்க் பட்டறையில் வெள்ளைக் காகிதத்தின் முன் நிற்கும் முகம் தெரியாத பெண்ணும் கேட்பது. அவளுக்கில்லை என்று சொல்லிவிட்டு நமக்கு மட்டும் கேட்போமானால், நாமும் நீதிபதி பார்க்கரின் வழியில் நிற்பவர்களே ஆவோம்.